கழுநீர்ப் பானைப் புராணம்

காப்பு

வானியலுக்குக் கலிலியோவின் தொலைநோக்கி வாய்த்தது. ஈர்ப்பு விசைக்கு நியூட்டனின் ஆப்பிள் வாய்த்தது. அது அவர் தலையில் விழவே இல்லை என்று எத்தனை பேர் எழுதினாலும் இன்றுவரை விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மென்படல அறிவியலுக்கு மட்டும் எச்சில் பாத்திரம் கழுவிய தண்ணீர்தான் கொடுத்துவைத்தது. அதனாலோ என்னவோ, அந்தத் துறைக்காரர்கள் தங்கள் பூர்விகத்தை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. கருத்தரங்குக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, ‘பல்லடுக்குப் பாலிமர் மென்படலங்களும் செயற்பாட்டு மேற்பூச்சுகளும்’ என்று மூச்சுவாங்கும் தலைப்பில் பேசிவிட்டு, கேள்வி நேரம் வந்ததும் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு பொருளை அப்படியே விட்டுவிட்டு அதன் மேல்தோலை மட்டும் மாற்றுவது. கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும். நீராவி பட்டால் மங்காது. சட்டை சட்டையாகவே இருக்கும். சாம்பார் சிந்தினால் உருண்டு ஓடிவிடும். இந்த வித்தைக்கு வேண்டிய பூச்சு பல சமயம் ஒரே ஒரு மூலக்கூறு கனம்தான். ஒன்றிரண்டு நானோமீட்டர் என்று வையுங்கள். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இதைவிட மெல்லிசாகப் பூச வேண்டுமென்றால் பூசாமலே இருந்துவிடலாம்.

இந்தக் கதையில் ஜோசியர் வருவார், ராஜதந்திரி வருவார், பிரபு வருவார், நோபல் பரிசு வாங்கியவர்கள் வருவார்கள். அவர்கள் எல்லாரும் வந்து சேர்வதற்கு முன்னாலேயே, கையில் கரித்துணியோடு யாரோ ஒருவர் அங்கே நின்றுகொண்டிருப்பார்.

எண்ணெய்ப் படலம்

இத்துறையின் முதல் ஆராய்ச்சியாளர்கள் ஜோசியர்கள். பாபிலோனில் ஹமுராபி வம்சத்து ராஜாக்கள் ஆண்ட காலத்தில், இன்றைக்குச் சுமார் 3,700 வருடங்களுக்கு முன், கிண்ணத்துத் தண்ணீரில் எண்ணெய் விட்டுக் குறி சொல்வது மதிப்பான உத்தியோகம். எண்ணெய் மூழ்கி எழுந்தால் ஒரு பலன், இரண்டாகப் பிரிந்தால் ஒரு பலன், கிண்ணத்தின் விளிம்புவரை பரவினால் ஒரு பலன். யுத்தத்துக்குப் போகலாமா, நோயாளி பிழைப்பானா, எல்லாவற்றுக்கும் கிண்ணம் பதில் சொன்னது. இதையெல்லாம் ஈரக் களிமண்ணில் ஆணி எழுத்தில் எழுதிக் காயவைத்தும் விட்டார்கள். தண்ணீர்மேல் எண்ணெய் எப்படிப் பரவுகிறது என்பதற்கு மனிதன் எழுதிவைத்த மிகப் பழைய குறிப்புகள் இவைதான். மானியம் கொடுப்பவர் முகம் கோணாமல் முடிவு சொல்லும் கலையும் அன்றைக்கே பிறந்துவிட்டது.

அடுத்தவர் ரோமாபுரியின் மூத்த பிளினி. கேள்விப்பட்டதை எல்லாம் எழுதிவைக்கும் மனிதர். கடலில் மூழ்குகிறவர்கள் வாயில் எண்ணெயைக் கொப்பளித்துத் துப்பினால் கடல் அடங்கும், அடியில் வெளிச்சம் தெரியும் என்று அவர் எழுதினார். ஏன் அடங்குகிறது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது எல்லாரும் அங்கிருந்து ஓடிவர, இவர் அதை நோக்கிக் கப்பலைச் செலுத்தினார். அத்தோடு குறிப்பெடுப்பது நின்றது.

குளத்துப் படலம்

பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு இடி மின்னலோடு ஏற்கெனவே பழக்கம். 1757ல் பென்சில்வேனியாக்காரர்களின் வழக்கைச் சொல்ல லண்டனுக்குக் கப்பலேறினார். உடன் 96 கப்பல்கள். அதில் இரண்டு கப்பலுக்குப் பின்னால் மட்டும் தண்ணீர் இஸ்திரி போட்டதுபோல் வழவழப்பாக இருந்தது. ஃபிராங்க்ளின் கேப்டனைக் கூப்பிட்டுக் கேட்டார். சமையல்காரர்கள் பிசுக்குத் தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள், இது எல்லாருக்கும் தெரிந்ததாயிற்றே என்ற தோரணையில் கேப்டன் பதில் சொன்னார். கொஞ்சம் இளக்காரமாகவே சொன்னார் என்று ஃபிராங்க்ளினே பின்னால் எழுதியிருக்கிறார்.

அந்தக் கேப்டன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் சரியான பதிலை இளக்காரத்தோடு சொன்னால் அது பேச்சு. இங்கிலாந்தின் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினால் அது விஞ்ஞானம். கேப்டன் பெயர் போயிற்று, சமையல்காரர்கள் பெயர் போயிற்று, ஃபிராங்க்ளின் பெயர் நின்றது.

லண்டனின் கிளாப்பம் காமனில் ஒரு பெரிய குளம். காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளாகப் பார்த்துப் போய், ஃபிராங்க்ளின் அதில் எண்ணெய் விட்டார். முதலில் நின்றது காற்று போய்ச் சேரும் கரை. விட்ட எண்ணெயை அலை அவர் காலடிக்கே திருப்பித் தள்ளியது. ராஜதந்திரி அல்லவா, உடனே காற்று வரும் பக்கத்துக்குக் கட்சி மாறினார். அங்கிருந்து விட்டது ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. அது சில கஜ தூரத்துக்கு அலையை அடக்கி, பிறகு பரவிப் பரவி எதிர்க்கரையைத் தொட்டது. அரை ஏக்கர் தண்ணீர் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது.

இப்போது நாம் ஒரு கணக்குப் போடலாம். தேக்கரண்டி 5 மில்லி லிட்டர். அரை ஏக்கர் சுமார் 2,000 சதுர மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் இரண்டரை நானோமீட்டர். அதாவது, ஒரு மூலக்கூறு எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு விடை அன்றைக்கு அந்தக் குளத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு ஒன்றுதான் பாக்கி. ஃபிராங்க்ளின் அதைப் போடவில்லை. அதற்குப் பதிலாக, மூங்கில் கைத்தடியின் மேல் கணுவில் எண்ணெயை அடைத்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்.

ஷெல்பர்ன் பிரபுவின் வைகோம்ப் தோட்டத்தில் நடந்ததை பிரெஞ்சுப் பாதிரியார் மொரெல்லே எழுதிவைத்திருக்கிறார். நாடக நடிகர் டேவிட் கேரிக் உட்படப் பெரிய மனிதர்கள் கூட்டம். காற்றில் ஓடை அலையடிக்கிறது. ஃபிராங்க்ளின் கொஞ்சம் மேலே நடந்துபோய், தடியைத் தண்ணீர்மேல் மூன்று தடவை சுழற்றினார். அலை அடங்கியது. கூட்டம் வாயைப் பிளந்தது. மோடி மஸ்தான் பாம்பையும் கீரியையும் சண்டைக்கு விடுவதாகச் சொல்லிக் கடைசிவரை விடமாட்டான். இவர் சொன்னதைச் செய்து காட்டினார், அந்த மட்டில் யோக்கியர்.

1773 அக்டோபரில் துணிச்சல் கூடிவிட்டது. குளம் போதாது, கடலையே அடக்குகிறேன் என்று போர்ட்ஸ்மவுத்துக்குப் போனார். உடன் ஜோசப் பேங்க்ஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள். படகில் முன்னும் பின்னும் போய், பாட்டிலிலிருந்து எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். கரையில் மோதும் அலை தன் பாட்டுக்கு மோதிக்கொண்டே இருந்தது. தோல்வியையும் ஒளிக்காமல் கட்டுரையில் எழுதினார். கட்டுரை வந்தது 1774ல். அதே வருடம் ஜனவரியில் லண்டனில் மந்திராலோசனைச் சபை அவரை நிற்கவைத்து ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தது. தபால் துறைப் பதவியும் பறிபோனது. அமெரிக்கா போய் அவர் கிளப்பிய அலை எந்த எண்ணெய்க்கும் அடங்கவில்லை.

அடுக்களைப் படலம்

பாக்கி இருந்த வகுத்தல் கணக்கைப் போட 1890 வரை ஆயிற்று. போட்டவர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்கிற மூன்றாம் ரேலே பிரபு. பண்ணையும் பால் வியாபாரமும் உள்ள நிலச்சுவான்தார், வீட்டிலேயே ஆய்வுக்கூடம். 84 செ.மீ. அகலமுள்ள குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கற்பூரத் துணுக்குகளைப் போட்டார். சுத்தமான தண்ணீரில் கற்பூரம் குதியாட்டம் போடும். ஆலிவ் எண்ணெயைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, எந்த அளவில் ஆட்டம் நிற்கிறது என்று பார்த்து, கனத்தைக் கணக்கிட்டார்: 1.6 நானோமீட்டர். பிரபு குளியல் தொட்டியில் செய்ததால் அது உடனே விஞ்ஞானம்.

அந்தச் சமயத்தில் அவருக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேதி 1891 ஜனவரி 10. எழுதியவர் பிரவுன்ஷ்வைக் நகரில் அப்பா அம்மாவோடு இருக்கும் ஆக்னஸ் போக்கல்ஸ். வயது 28. கல்யாணம் ஆகவில்லை, பட்டம் இல்லை, வேலை இல்லை. இருந்தது ஒரு சமையற்கட்டு.

ஆக்னஸுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இயற்பியல் மேல் பைத்தியம். ஆனால் அந்தக் காலத்து ஜெர்மன் பல்கலைக்கழகம் பெண்ணைச் சேர்க்காது. அண்ணன் தம்பி யாராவது இருந்தால் அவர்களைச் சேர்க்கும். மூன்று வயது இளைய தம்பி ஃபிரீட்ரிச்சைச் சேர்த்தது. அவர் கோட்டிங்கனில் படித்துப் பேராசிரியரானார். அவர் அனுப்பிய பாடப்புத்தகங்களை அக்கா வீட்டிலிருந்து படித்தார். ‘போக்கல்ஸ் விளைவு’ என்று இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறதே, அது தம்பி கண்டது. அக்காவைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் முதலில் தம்பி வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

அக்கா என்ன செய்தார்? நோயாளிப் பெற்றோருக்குச் சமைத்தார். பாத்திரம் கழுவினார். கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிசுக்குப் படிந்த தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பது அவருக்கு உறுத்தியது. சுமார் இருபது வயதில் ஒரு தகரத் தொட்டி செய்துகொண்டார். 70 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம். விளிம்புவரை தண்ணீர். குறுக்கே ஒன்றரை செ.மீ. அகலத்தில் ஒரு தகரப் பட்டை, அடிப்பக்கம் தண்ணீரைத் தொட்டபடி. பட்டையை இப்படி அப்படி நகர்த்தினால் தண்ணீர் நகராது. மேலே இருக்கும் பிசுக்கு மட்டும் நெருக்கப்படும், அல்லது விரிந்துகொடுக்கும். தராசின் ஒரு முனையில் 6 மி.மீ. வட்டத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, அதை நீர்ப்பரப்பிலிருந்து பிய்த்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று அளந்தார். நெருக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தண்ணீரின் இழுவிசை சட்டென்று சரிகிறது. மூலக்கூறுகள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு இனி இடமில்லை என்று நிற்கும் கட்டம் அது.

இப்படிச் சுமார் பத்து வருடம். வெளியிட வழியில்லை. பட்டம் இல்லாதவர் எழுதினால் எந்தப் பத்திரிகை போடும்? ரேலே பிரபு இதே விஷயத்தில் இறங்கியிருக்கிறார் என்று தெரிந்ததும், நான் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார்.

பிரபுவுக்கு இங்கே ஒரு கும்பிடு போட வேண்டும். எடுத்துக்கொள்ளுங்கள் என்றதை எடுத்துக்கொள்ளாத விஞ்ஞானி அபூர்வம். அவர் தன் மனைவியை விட்டுக் கடிதத்தை மொழிபெயர்க்கச் செய்தார். அந்த அம்மாள் பின்னாளைய பிரதமர் ஆர்தர் பால்ஃபரின் அக்கா. பாத்திரக் கழுநீர் பற்றிய கடிதம் போய்ச்சேர்ந்த இடத்தைப் பாருங்கள். பிரபு அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பி, இந்த ஜெர்மானியப் பெண்மணி வீட்டுச் சாமான்களை வைத்துக்கொண்டே மதிப்புள்ள முடிவுகளை எட்டியிருக்கிறார் என்கிற தொனியில் ஒரு சிபாரிசும் எழுதினார். 1891 மார்ச் 12 இதழில் கடிதம் அச்சாயிற்று. இன்றைக்கு இத்துறையில் யார் எந்தத் தொட்டியில் எந்தப் படலம் பரப்பினாலும், அதன் ஆதித் தொட்டி பிரவுன்ஷ்வைக் சமையற்கட்டில் இருந்த அந்தத் தகரத் தொட்டிதான்.

தொட்டிக்கு இன்று என்ன பெயர் என்கிறீர்களா? லாங்மியூர் தொட்டி.

கண்ணாடிப் படலம்

இர்விங் லாங்மியூர் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஸ்கெனெக்டடி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். பல்பு விற்கிற கம்பெனி. ஆனால் அவரை இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். தொட்டியை மேம்படுத்தி, 1917ல் ஒரு பெரிய கட்டுரை எழுதினார். கொழுப்பு அமில மூலக்கூறு தண்ணீர்மேல் கண்டபடி படுத்துக் கிடப்பதில்லை. மெரினாவில் கால் நனைக்க வந்துவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப்போல, தண்ணீர் பிடிக்கும் முனையை மட்டும் உள்ளே வைத்து, பிடிக்காத வாலை மேலே தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்கிறது என்று நிரூபித்தார். 1932ல் வேதியியல் நோபல் பரிசு. அதே 1932ல், 70 வயதான ஆக்னஸுக்கு பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இளமையில் உள்ளே விடாததற்கு வட்டி இல்லாமல் அசல் மட்டும். மூன்று வருடத்தில் அவர் காலமானார்.

லாங்மியூரின் ஞாபக மறதி பிரசித்தம். வீட்டில் காலைச் சாப்பாடு முடித்துவிட்டுத் தட்டுக்கு அடியில் மனைவிக்கு டிப்ஸ் வைத்துவிட்டுப் போனார் என்று நாவலாசிரியர் கர்ட் வானெகட் சொல்லியிருக்கிறார். வானெகட்டின் அண்ணன் அதே ஆய்வுக்கூடத்துக்காரர். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒன்றையும் மறக்காத ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். வந்தவர் கேதரின் பிளாட்ஜெட்.

கேதரின் அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் பெண் விஞ்ஞானி. நடுவில் இங்கிலாந்து போய், ரூதர்ஃபோர்டிடம் ஆய்வு செய்து, 1926ல் கேம்பிரிட்ஜில் இயற்பியல் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண்ணாகத் திரும்பினார். தண்ணீர்மேல் நிற்கும் ஒற்றைப் படலத்தைக் கண்ணாடித் தகட்டில் ஏற்ற முடியுமா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஸ்டியரிக் என்ற கொழுப்பு அமிலத்தைத் தண்ணீரில் பரப்பி, தண்ணீரில் கொஞ்சம் பேரியம் உப்பைக் கலந்து, தகட்டை மெதுவாக உள்ளே இறக்கி மெதுவாக வெளியே எடுத்தார். இறக்கும்போது ஓர் அடுக்கு, ஏற்றும்போது ஓர் அடுக்கு. ஒவ்வொன்றும் சுமார் 2.4 நானோமீட்டர். இரண்டு வேண்டுமா, இருநூறு வேண்டுமா, எண்ணி ஏற்றலாம். அடுக்கு கூடக்கூடத் தகட்டின் நிறம் மாறும். நிறத்தைப் பார்த்தே கனம் சொல்லிவிடுவார். 1935ல் கட்டுரை வந்தது.

பிறகு சரியாக 44 அடுக்கு ஏற்றினார். கனம் சுமார் 100 நானோமீட்டர். ஒளியலை நீளத்தில் கால் பங்கு. பூச்சின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் அலை ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாகச் சந்தித்து, ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கேதரினின் கண்ணாடி 99 சதவீதத்துக்கும் மேல் உள்ளே விட்டது. 1938 டிசம்பரில் கம்பெனி ‘கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி’ என்று அறிவித்தது. தெரியாத ஒன்றைப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிய பெருமை அந்தக் கம்பெனியைச் சேரும்.

ஒரே ஒரு குறை. விரலால் துடைத்தால் வந்துவிடும். அடிப்படையில் அது ஒரு சோப்புப் படலம்தானே. அடுத்த சில நாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கார்ட்ரைட்டும் டர்னரும் ஃபுளோரைடு உப்பை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த பூச்சை அறிவித்தார்கள். அவர்களுக்கும் முன்னால், 1935லேயே ஜெர்மனியில் சைஸ் கம்பெனியின் ஸ்மகுலா காப்புரிமை வாங்கியிருந்தார். அதை ராணுவம் ரகசியம் என்று பூட்டிவிட்டது. நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து எட்டிப் பார்க்கிறவனுக்குக் கண்ணாடி தெளிவாக இருந்தால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் மூலக்கூறுகளை எண்ணி அடுக்கிக் காட்டியவர் கேதரின். அந்த முறைக்கு இன்று லாங்மியூர்-பிளாட்ஜெட் என்று பெயர். இந்தப் புராணத்தில் ஒரு பெண்ணின் பெயர் அவர் உயிரோடு இருக்கும்போதே பலகையில் ஏறியது இங்கேதான், அதுவும் இரண்டாவதாக.

அடுக்குப் படலம்

லாங்மியூர்-பிளாட்ஜெட் முறையில் படலம் போடுவது தவம். தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும், தூசி கூடாது, அதிர்வு கூடாது. தெருவில் லாரி போனால் மாணவனுக்கு ஒரு வாரம் போயிற்று. தட்டையான தகட்டுக்குச் சரி. வளைந்த பொருளுக்கு உதவாது.

இதற்கு மாற்று 1966லேயே அச்சில் வந்துவிட்டது. டூபான்ட் கம்பெனியின் ரால்ஃப் ஐலர், நேர்மின் துகள்கள் உள்ள கரைசலில் ஒருமுறை, எதிர்மின் துகள்கள் உள்ள கரைசலில் ஒருமுறை என்று கண்ணாடியை மாற்றி மாற்றி முக்கினால் அடுக்கு தானாக ஏறுகிறது என்று எழுதினார். துறை அதைப் படித்துவிட்டு, சரி என்று சொல்லித் திரும்பிப் படுத்து, கால் நூற்றாண்டு தூங்கியது.

எழுப்பியவர் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கெரோ டெஹெர். 1991 தொடங்கி அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைகளில் துகள்களுக்குப் பதில் மின்னூட்டம் உள்ள மூலக்கூறுகள், அடுத்து மின்னூட்டம் உள்ள பாலிமர்கள் (மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலிகள்) வந்தன. செய்முறையைக் கேளுங்கள். நான்கு குவளை எடுத்துக்கொள்ளவும். முதலாவதில் நேர்மின் பாலிமர், மூன்றாவதில் எதிர்மின் பாலிமர், இரண்டாவதிலும் நான்காவதிலும் வெறும் தண்ணீர். கண்ணாடித் தகட்டுக்கு இயல்பாகவே எதிர்மின் முகம். முதல் குவளையில் சுமார் இருபது நிமிடம் முக்கினால் நேர்மின் பாலிமர் ஒட்டும். தேவைக்கு மேலேயே ஒட்டுவதால் தகட்டின் முகம் நேர்மின்னாக மாறிவிடும். மாறியதும் அதே பாலிமர் அதற்குமேல் வர மறுக்கும். எடுத்துக் கழுவவும். மூன்றாவது குவளையில் முக்கினால் எதிர்மின் பாலிமர் ஓடி வந்து ஒட்டி, முகத்தை மறுபடி மாற்றும். கழுவவும். ஆசை தீருமட்டும் திரும்பச் செய்யவும்.

பூச்சு சரியாக வருவதன் சூட்சுமம் அந்த இரண்டாவது, நான்காவது குவளைகளில் இருக்கிறது. சரியாக ஒட்டாத மிச்சத்தைக் கழுவித் தள்ளாவிட்டால் அடுத்த குவளையில் போய் இரண்டும் கட்டிப்பிடித்துத் திரிந்துபோகும். நோபல் கனவோடு ஆராய்ச்சிக்கு வந்த மாணவர்கள் காலை முதல் இரவுவரை முக்கி, அலசி, முக்கி, அலசிக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் எந்திரத்தைத் தேடினார்கள். மருத்துவமனைகளில் திசுத் தகடுகளுக்குச் சாயம் ஏற்றும் தானியங்கிக் கருவி ஒன்று இருக்கிறது; அதைக் கொண்டுவந்து எம்.ஐ.டி.யில் பாலிமர் அடுக்கவைத்தார்கள். விடிய விடியப் பாத்திரம் கழுவும் வேலை ஆண்களுக்கு வந்ததும் எந்திரமும் கூடவே வந்துவிட்டது.

1997ல் டெஹெர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை துறையின் வேதமாயிற்று. அடுக்குகள் பலகை போலத் தனித்தனியாக நிற்பதில்லை, ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் குழைந்துதான் கிடக்கின்றன என்பதை அவர் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். விலை உயர்ந்த கருவி வேண்டாம், வெற்றிடம் வேண்டாம், பொருள் உருண்டையாக இருந்தாலும் ஓட்டையாக இருந்தாலும் சரி. எம்.ஐ.டி.யில் மைக்கேல் ரப்னர் குழு சிலிக்கா துகளையும் பாலிமரையும் அடுக்கி, நீராவிக்கு மங்காத கண்ணாடி செய்தது. தண்ணீர் முத்து முத்தாக நின்றால்தான் கண்ணாடி மங்கும். பரவிப் படுத்துவிட்டால் மங்காது. ஜெர்மனியில் ஒரு குழு உருண்டைத் துகளின் மேல் அடுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் துகளைக் கரைத்துவிட்டு, வெறும் தோலை மட்டும் குப்பியாக வைத்துக்கொண்டது; மருந்து அடைக்கலாம் பாருங்கள்.

வாணலிப் படலம்

எல்லாப் பொருளும் எதிலாவது ஒட்ட ஆசைப்படும்போது, எதிலுமே ஒட்டாத ஒரு பரதேசியும் பிறந்தான். 1938 ஏப்ரல் 6. டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட், வயது 27, குளிர்பதனப் பெட்டிக்கான வாயு தேடிக்கொண்டிருந்தார். டெட்ராஃபுளோரோஎத்திலீன் அடைத்த சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை போட்டால் எடை குறையவில்லை. வேறு யாராக இருந்தாலும் சிலிண்டரை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்திருப்பார்கள். பிளங்கெட்டும் உதவியாளரும் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளைப் பொடி, வழுவழு. வாயு தன் பாட்டுக்குப் பாலிமராகியிருந்தது. அமிலம் அதை ஒன்றும் செய்யவில்லை, கரைப்பான் கரைக்கவில்லை. டெஃப்லான் அவதரித்தது. முதல் பெரிய வேலை அணுகுண்டுத் திட்டத்தில், யுரேனிய வாயுவின் அரிப்பைத் தாங்குவது.

அணுகுண்டிலிருந்து ஆம்லெட்டுக்கு அதை இறக்கியவர் பாரிஸ் பெண்மணி கொலெட். கணவர் மார்க் கிரேகுவார் எஞ்சினியர், தூண்டில் பைத்தியம். தன் மீன்பிடிச் சாமான்களில் டெஃப்லானைப் பூசிக்கொண்டிருந்தார். அதை என் வாணலியில் பூசித் தரக் கூடாதா என்று கொலெட் கேட்டார். எதிலும் ஒட்டாததை அலுமினியத்தில் ஒட்டவைப்பதுதான் சிக்கல். அமிலத்தால் அலுமினியத்தின் முகத்தைப் பொள்ளவைத்து, அந்தக் குழிகளில் டெஃப்லானைப் பிடித்து அடைத்தார்கள். 1954ல் காப்புரிமை, 1956ல் டெஃபால் கம்பெனி. பின்னால் அடிப்பூச்சு, நடுப்பூச்சு, மேல்பூச்சு என்று அதுவும் அடுக்கு அடுக்காயிற்று.

1953ல் 3எம் கம்பெனியில் இன்னொரு கூத்து. ஓர் உதவியாளரின் கித்தான் காலணியில் ஃபுளோரின் கலந்த ஒரு ரப்பர் பால் சிந்திவிட்டது. தண்ணீர், சோப்பு, சாராயம், எதற்கும் போகவில்லை. எல்லாரும் கறையைத் திட்டிக்கொண்டிருக்க, வேதியியலாளர் பாட்சி ஷெர்மன், அந்த இடத்தில் தண்ணீரும் ஒட்டாமல் உருண்டு ஓடுவதைக் கவனித்தார். சாமுவேல் ஸ்மித்துடன் சேர்ந்து அதை ‘ஸ்காட்ச்கார்ட்’ என்ற துணிப்பூச்சாக்கினார். ஆலையில் சோதனை நடந்தபோது, பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்ற விதி இருந்ததால், முடிவு தெரிய அவர் வாசலில் காத்திருந்தார். கறை உள்ளே வராமல் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்தவரை உள்ளே வராமல் தடுத்த ஆலை அது.

இனி சிரிப்பு குறைவு. டெஃப்லான் தயாரிக்க உதவிய சி-8 என்ற ரசாயனத்தை டூபான்ட் 1951 முதல் பயன்படுத்தியது. கார்பனும் ஃபுளோரினும் பிடித்த பிடி விடாது. வாணலிக்கு அது வரம், ஆற்றுக்குச் சாபம். மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் அருகே ஆலைக் கழிவு தண்ணீரில் கலந்தது. வில்பர் டென்னன்ட் என்ற விவசாயியின் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. 1999ல் வக்கீல் ராப் பிலாட் அவருக்காக வழக்குப் போட்டார். கம்பெனியின் பழைய ஆவணங்கள் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. அபாயம் கம்பெனிக்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருந்தது. சுமார் 69,000 பேரின் ரத்தத்தைச் சோதித்த பிறகு, 2012க்குள் நிபுணர் குழு சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய் உட்பட ஆறு கோளாறுகளோடு சி-8க்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று அறிவித்தது. 2017ல் 67.1 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்தார்கள். 2019ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2024ல் அமெரிக்கா குடிநீரில் அதற்கு வைத்த வரம்பு லட்சம் கோடியில் நான்கு பங்கு.

வீட்டு வாணலியால் வந்த வினை என்று இதைச் சொல்வது சரியல்ல. வாணலி செய்து முடித்தபோது அதில் சி-8 மிச்சம் இருந்தது மிகச் சொற்பம். வினை ஆலை கழுவிய தண்ணீரில் இருந்தது. ஆக்னஸ் கொட்டாமல் நின்று பார்த்ததை, டூபான்ட் பார்த்த பிறகும் கொட்டியது.

நூற்பயன்

புராணம் படித்தவர்க்குப் பலன் சொல்லாமல் முடிக்கக் கூடாது. இந்தப் பலன் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. புது இரும்புத் தோசைக்கல் வாங்கினால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? அரிசி கழுவிய தண்ணீரிலோ வடித்த கஞ்சியிலோ ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவி, சுடவைத்து, ஆறவைத்து, மறுபடி தடவுவார்கள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பார்கள். சூட்டில் எண்ணெயின் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து, ஒன்றோடொன்று கைகோத்து, கெட்டியான கறுப்புப் பாலிமர் ஆகின்றன. ஒவ்வொரு தடவலுக்கும் ஓர் அடுக்கு. கல் பழகிவிட்டது என்று மாமியார் சொல்லும்போது, பல்லடுக்குப் பாலிமர் மென்படலம் செயற்பாட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இதற்குக் காப்புரிமை இல்லை, கட்டுரை இல்லை, கண்டுபிடித்தவர் பெயரும் இல்லை. ஆகவே புதுக் கல்லில் முதல் தோசை பிய்ந்து வந்தால் கல்லைத் திட்டாதீர்கள். இன்னும் நாலு அடுக்கு ஏறவில்லை, அவ்வளவுதான். புளி போட்டுத் தேய்த்துக் கெடுத்தாலும் பரவாயில்லை, எண்ணெய் தடவிப் புதுப் படலம் போட்டுக்கொள்ளலாம். வழக்குப் போட வேண்டியதில்லை.